லெலெயிடம் சொல்லிவிட்டேன், இசக்கி

அப்பாவின் கண்ணே, இசக்கி,

இந்த வருஷம் சாரல் முன்னாடியே தொடங்கிவிட்டது. தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குக் கூடுதல் பஸ் விட்டிருக்கிறார்கள். நான் இன்னும் அதே தடத்தில்தான் கண்டக்டர். ஈரத்துண்டும் எண்ணெய்த் தலையுமாக ஏறுகிற கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தபோதுதான் ஜெனிஃபர் கூப்பிட்டாள். உனக்கு இரண்டு வருஷம் பின்னால் சீனாவில் மருத்துவம் சேர்ந்த புளியங்குடிப் பிள்ளை. விட்ட படிப்பை முடிக்கத் திரும்பவும் அங்கே போயிருக்கிறாள்.

"அங்கிள், லெலெயைப் பாத்தேன்" என்றாள்.

பஸ் இரைச்சலில் மற்றக் காதைப் பொத்திக்கொண்டேன்.

சீனாவில் படிக்கும்போது, அங்கிருந்த அநாதைப் பிள்ளைகள் இல்லத்துக்கு நீ ஞாயிற்றுக்கிழமை தோறும் உதவப் போவாய். அங்கே பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு ஊட்டிவிடுவாய், குளிப்பாட்டுவாய். ஆனால் போனில் பேசுவதெல்லாம் லெலெயைப் பற்றித்தான். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் பிறந்து, யாராலோ வாசலில் விடப்பட்டவள். "அப்பா, இன்னைக்கு அவளே கரண்டி பிடிச்சுச் சாப்பிட்டா" என்று, பரீட்சையில் பாஸான மாதிரிச் சொல்வாய். வெளிநாட்டுத் தம்பதியர் அவளைத் தத்தெடுக்க எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் பாஷையில் பசி, வலி, தண்ணீர் என்பதற்கெல்லாம் வார்த்தை சொல்லிக் கொடுத்தது நீதான்.

அதனால்தான் அந்த விடுமுறைக்கு வரமாட்டேன் என்றாய். "இன்னும் ரெண்டு மாசத்துல அவங்க வந்துருவாங்கப்பா. அதுவரைக்கும் நான் கூட இருக்கணும். புது ஆளைப் பாத்தா பயந்துருவா."

செங்கோட்டையிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வரச்சொல்லி நான் வாக்குக் கொடுத்திருந்தேன். "ஏட்டி, பெத்தவன் கூப்பிடுதேன், வரமாட்டேங்கே. எவளோ பெத்த பிள்ளைக்கு இந்தப் பாசமா?" என்று கத்தினேன். ஒரு வாரத்தில் பெட்டியோடு வந்து நின்றாய். லெலெயிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாய் என்று நான் கேட்கவே இல்லை. பத்து நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாய். இப்போது ஜெனிஃபர் சொல்லித்தான் தெரியும்.

பிறகு கொரோனா வந்தது. விமானம் நின்றது. அந்த இல்லத்தின் கதவையும் வெளியாட்களுக்கு மூடினார்கள். "நல்லவேளை அண்ணாச்சி, மவளை முன்னாடியே கூப்பிட்டுட்டீய" என்று டிப்போவில் எல்லோரும் சொன்னார்கள். நானும் பெருமையாகத் தலையாட்டினேன், இசக்கி. அடுத்த வருஷம் இரண்டாம் அலையில், பாதி டாக்டர் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு நீ நோயாளிகளுக்கு உதவப் போனாய். பதினோரு நாள் போனாய். பன்னிரண்டாம் நாள் காய்ச்சலோடு படுத்தாய்.

அங்கேயே இருந்திருந்தால் பிழைத்திருப்பாயோ? இதை நான் யாரிடம் கேட்பது?

லெலெயின் தம்பதியும் வரவில்லை. முதலில் கொரோனா என்று தள்ளிப்போனது. பிறகு, வெளிநாட்டாருக்குப் பிள்ளைகளைத் தத்துக் கொடுப்பதையே அந்த அரசாங்கம் நிறுத்திவிட்டது. காத்திருந்தவர்களுக்கும் இல்லை என்றாகிவிட்டது. லெலெக்கு இப்போது பத்து வயது. இல்லத்தில் கட்டில்கள் பாதி காலியாம். மிச்சமிருப்பதெல்லாம் அவளைப் போல நடக்க முடியாத பிள்ளைகளாம்.

"'இசா அக்காவையும் நிறுத்திட்டாங்களா?'ன்னு கேக்குதா அங்கிள். நான் என்ன சொல்லட்டும்?"

"வேலை ஜாஸ்தின்னு சொல்லிரும்மா" என்று சொல்லிவிட்டு விசில் அடித்தேன். பஸ் கிளம்பியது.

வீட்டில் உன் அம்மாவிடம் சொன்னேன். மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "அப்போ நம்ம மவ மறந்துட்டான்னு நினைச்சுக்கிட்டே அந்தப் பிள்ளை வளரட்டும். அப்படித்தானே?" என்றாள். நீ போனதிலிருந்து உன்னைப் பற்றி அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

ஞாயிற்றுக்கிழமை ஜெனிஃபர் வீடியோவில் கூப்பிட்டாள். சக்கர நாற்காலியில் லெலெ உட்கார்ந்திருந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். நான் தமிழில் சொன்னேன், ஜெனிஃபர் சீனத்தில் சொன்னாள்.

"இசக்கி உன்னை மறக்கலைம்மா. வரணும்னுதான் இருந்தா. அவளை இங்கன வரச்சொன்னது நான்தான். நோய் வந்து அவ செத்துப்போயிட்டா."

லெலெ அழவில்லை. ஜெனிஃபரிடம் ஏதோ கேட்டாள்.

"அவளுக்கு வலிச்சுதான்னு கேக்குதா அங்கிள்."

"தெரியாதும்மா. என்னை வார்டுக்குள்ள விடலை" என்றேன்.

கேட்டுக்கொண்டாள். பிறகு நாற்காலியைத் தானே சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். பின்னந்தலை மட்டும் தெரிந்தது. நான் போனை அணைக்கப் போனேன். உன் அம்மா என் கையைப் பிடித்தாள். "அணைக்காதீங்க. அது திரும்பும்போது நாம இருக்கணும்."

இருந்தோம். கால் மணி நேரம் கழித்து அவள் திரும்பினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வருவீர்களா என்று கேட்டாள்.

கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா என்று உன் அம்மா கேட்டுப் பார்த்தாள். "அதுக்கு வழியே இல்லை ஆன்ட்டி" என்றாள் ஜெனிஃபர். அவள் படிப்பு தைப்பொங்கலுக்குள் முடிந்துவிடும். அவள் ஊர் திரும்பினால் எங்களைக் கூப்பிட அங்கே யாருமில்லை. ஆக, எங்களுக்கு இருப்பது அதுவரைக்குமான ஞாயிற்றுக்கிழமைகள்தான்.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குத் தருகிறேன். இது எப்போது முடியும் என்று லெலெயிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். பத்து நாளில் வருகிறேன் என்று பொய்யாகிப்போகும் வார்த்தையைச் சொல்ல மாட்டேன். கடைசி ஞாயிறு அன்று, இதுதான் கடைசி என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அவள் சுவர் பக்கம் திரும்பினால், திரும்பி வரும்வரை இருப்பேன்.

உன்னை வரச்சொன்ன,
உன் அப்பா