சாய்ந்து நின்ற சுவர்

அன்பான லோரீனுக்கு,

சனிக்கிழமை உன்னிடம் சொல்லாமல், உங்கள் சமுதாயக் கல்லூரித் தச்சு வகுப்பு கட்டும் வீட்டைப் பார்க்க வந்தேன். என் தம்பிதான் கூட்டி வந்தான். நான் இறங்கவில்லை. பனிக்காற்றில் வண்டி ஜன்னலைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தூக்கி நிறுத்திய மரச்சுவர் லேசாகச் சாய்ந்திருப்பதை நீதான் கண்டுபிடித்தாய்.

"விடுங்கக்கா, பலகை அடிச்சா மறைஞ்சிடும்" என்றான் உன்னோடு படிக்கும் ஹால்வர்.

"குடிவர்றவங்களுக்குக் கதவு சாத்தாதுடா. ஆணியைப் பிடுங்கு!" என்றாய்.

முணுமுணுத்துக்கொண்டே பிடுங்கினார்கள். சுவரை நிமிர்த்திய பிறகுதான் சாப்பிடப் போனாய். ஆயுசில் பாதியைக் கூரை போடும் வேலையில் கழித்த எனக்குக் கைதட்டத் தோன்றியது.

என் சக்கர நாற்காலி ஏற நம் வாசலில் சரிவுப்பாதை போட ஆள் பார்க்கட்டுமா என்று தம்பி கேட்கும்போதெல்லாம் மறுத்து வந்தேன். நேற்றுச் சம்மதித்தேன். ஆனால் ஆள் வேண்டாம், படிப்பு முடித்து வந்து என் மனைவி போடுவாள் என்று சொல்லிவிட்டேன்.

உன் வீட்டுக்காரன்