டாயில் வீட்டைப் பற்றி அப்பா விசாரித்தது

ஃபஹாஹீல், குவைத்

அன்பு மகள் ரெஷ்மாவுக்கு,

மாதாவின் தயவால் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். டப்ளின் மழையிலும் நைட் டியூட்டியிலும் நீ சளி பிடிக்காமல் இருக்கிறாய் என்று கேட்டால் எங்களுக்கு அதுவே பாதி சுகம். தினமும் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ அழுதுவிடுகிறாய், நீ அழுதால் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது, அப்பா வேறு டிவி பார்க்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டு காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருக்கிறார். அதனால் எழுதுகிறேன். குறுக்கே பேசாமல் கடைசி வரை படி.

உன் தம்பி ஜெரிஷ் தோஹாவில் பழைய ஒர்க்‌ஷாப்பிலேயேதான் இருக்கிறான், தொழில்பேட்டையில் ரூம் மாறியிருக்கிறான், புது ரூமில் ஏசி ஓடுகிறது என்று அதையே பத்து தடவை சொன்னான். எனக்கு கிளினிக்கில் வேலை கூடுதல், முட்டி வலி கொஞ்சம் உண்டு, நீ சொன்ன மாத்திரையைத்தான் போடுகிறேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். ஈஸ்டர் அன்று நீ டெக்லன் டாயில் என்று ஒரு பையனின் படத்தை அனுப்பி இவரைத்தான் கட்டுவேன் என்று சொன்னதிலிருந்து அப்பா உன்னோடு பேசவில்லை. நம் ஊர் மாதா கோயிலில் உன் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும் என்பது உன் ஆசை. பெண்ணைப் பெற்றவர் வாய் திறந்து சொல்லாமல் உபதேசியார் எப்படி ஓலை வாசிப்பார்? இன்ன ஊர் இன்னார் மகன் என்று சபை முன்னால் சொல்ல வேண்டாமா? நீ என்னிடம் அழுதாய், நான் மாதாவிடம் அழுதேன், அப்பா மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தார். மாதா கோயில்காரி நான் பிள்ளையாரைச் சொல்கிறேன் என்று சிரிக்காதே, வேறு வார்த்தை வரவில்லை.

ஆனால் மனுஷர் சும்மா இருக்கவில்லை, எனக்குத் தெரியாமல் மாப்பிள்ளை விசாரிக்கப் போயிருக்கிறார். உன் பெரியப்பா மகள் அருணாவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது எப்படி டீக்கடையிலும் வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவர்களிடமும் விசாரித்தாரோ அதே மாதிரி. அவருடைய சைட்டில் சேஃப்டி ஆபீசராக பிரெண்டன் என்று ஒரு அயர்லாந்துக்காரர் இருக்கிறார். நேரே அவரிடம் போய், உங்கள் நாட்டில் டாயில் வீடு தெரியுமா, குடும்பம் எப்படி, பையனுக்குக் குடி உண்டா என்று கேட்டிருக்கிறார். பிரெண்டன் எந்த டாயில் என்றாராம். பையன் ஊரையும் சேர்த்து, வெக்ஸ்போர்டு டாயில் என்று அப்பா விடாமல் சொன்னாராம். அவர் சிரித்துவிட்டு, வெக்ஸ்போர்டில் கல்லை விட்டெறிந்தால் ஒரு டாயில் தலையில்தான் விழும், நல்ல ஆட்கள்தான், நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றாராம். அவ்வளவுதான், அப்பா முகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நம் பக்கத்தில் மாப்பிள்ளை விசாரிக்கும்போது யாராவது குடும்பத்தில் குறை இருக்கிறது என்று நேராகச் சொல்வார்களா? நல்ல ஆட்கள்தான், நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று இழுத்தால் அதற்கு அர்த்தமே வேறு. “அந்த மனுசன் மழுப்புதாரு லீமா, சொல்ல மாட்டாத என்னமோ இருக்கு. கலாஸ், முடிஞ்சு போச்சு, இனி இந்தப் பேச்சு வேண்டாம்” என்று சொல்லிவிட்டுச் சோறுகூடச் சரியாகத் தின்னவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வெள்ளிக்கிழமை அஹ்மதி கோயிலில் பூசை முடிந்ததும் பிரெண்டன் வெளியே நிற்பதைப் பார்த்தேன். அப்பா கையைப் பிடித்து இழுக்க இழுக்க நானே போய் விஷயத்தைப் போட்டு உடைத்தேன், என் மகள் கல்யாணம் உங்கள் ஒரு சிரிப்பில் நிற்கிறது என்று. பாவம், அவர் பதறிவிட்டார். பிறகு நிழலில் நிறுத்தி வைத்து நிதானமாகச் சொன்னார். டாயில் என்பது ஒரு வீட்டுப் பெயர் இல்லையாம், அந்த நாட்டில் அதிகம் பேருக்கு இருக்கும் பெயர்களில் அது ஒன்று, அதிலும் வெக்ஸ்போர்டு பக்கம் கேட்கவே வேண்டாமாம். தெருவுக்குப் பத்து சேவியர் இருக்கிற நம் கடற்கரையில் சேவியர் வீட்டைத் தெரியுமா என்று கேட்ட கதைதான். அவர்கள் பழைய பாஷையில் அதற்கு அர்த்தம் கறுத்த அந்நியன் என்றார். அப்பா உடனே என்னைப் பார்த்தார். நீ அனுப்பிய படத்தில் டெக்லன் வெயிலில் வாட்டின இறால் மாதிரி சிவந்து நிற்கிறானே! ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வடக்கே இருந்து கடல் வழியாகப் படகில் வந்தவர்களுக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயராம் அது. முதலில் கொள்ளையடிக்கத்தான் வந்தார்களாம். பிறகு கரையிலேயே தங்கி, துறைமுகம் கட்டி, அந்த ஊர்ப் பெண்களையே கட்டி, அந்த ஊர்க்காரர்களாகவே ஆகிவிட்டார்களாம். பேரனுக்குப் பேரன் என்று பெருகி இப்போது எங்கே பார்த்தாலும் டாயில். அந்தப் பெயருக்கு முன்னால் ஒரு காலத்தில் ‘ஓ’ என்று இருந்ததாம், அதற்கு இன்னாருடைய பேரன் என்று அர்த்தமாம். அதைக் கேட்டதும் அப்பா முகம் கொஞ்சம் தெளிந்தது. இங்கே குவைத்திகளுக்கும் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் தாத்தா பெயர் என்று வரிசையாக வருமே, நமக்கும் இன்னார் மகன்தானே, எல்லா ஊரிலும் ஒரே விசாரணைதான் போலிருக்கிறது என்றார்.

காரில் வரும்போது ஃபஹாஹீல் சிக்னலில் அப்பா தானாகவே சொன்னார். “வெளியாளுன்னு பேரு வச்ச ஊரே அவனுவள சொந்தமாக்கிட்டு, பாத்தியா. எனக்கு இங்க வந்து தல நரச்சாச்சு, வேல முடிஞ்சா மறுநாளு பெட்டி கெட்டணும். நம்ம பிள்ளைக்கு அந்தக் கெதி வேண்டாம்.” உன் அப்பா உன்மேல் கோபத்தில் இருக்கிறார் என்றுதான் நானும் இத்தனை நாள் நினைத்தேன். வெள்ளைக்காரன் வீட்டில் நீ கடைசி வரை வெளியாளாகவே நின்றுவிடுவாயோ என்ற பயம்தான் அவருக்கு. அதைச் சொல்லத் தெரியாமல் பேசாமல் இருந்திருக்கிறார்.

கல்யாணத்துக்குப் பிறகு ரெஷ்மா கிறிஸ்துதாஸாகவே இருக்கவா, ரெஷ்மா டாயில் ஆகவா என்று கேட்டிருந்தாய். அப்பா வருத்தப்படுவார் என்று பயந்துதான் கேட்டாய், எனக்குத் தெரியும். அவரிடமே கேட்டேன். நம் ஆட்களின் பெயர் ஒரு தலைமுறைதான் ஓடும், உன் தாத்தா பெயர் அப்பாவோடு நின்றது, அப்பா பெயர் உங்கள் இரண்டு பேரோடும் நிற்கும், அதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்றார். “ஆயிரம் வருசமா ஒரு பேரத் தொலைக்காம வச்சிருக்கானுவ, பொறுப்பான ஆளுவதான்” என்று சர்டிபிகேட்டும் கொடுத்துவிட்டார். ஆனால் நான் ஒரு நர்ஸாகச் சொல்கிறேன், அவசரப்படாதே. உன் நர்ஸ் ரிஜிஸ்ட்ரேஷன் ஒரு பெயரிலும் பாஸ்போர்ட் ஒரு பெயரிலும் கிடந்தால் அலைந்து சாக வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடவையில் மாற்று, இல்லை என்றால் இருக்கிறபடியே இரு. உன் பெயர், உன் இஷ்டம். டெக்லனுக்குக் காரம் ஆகாது என்றாய், அதற்காக மீன் குழம்பில் மிளகாயே போடாமல் வைக்காதே, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கு. அவருடைய ஞானஸ்நானச் சர்டிபிகேட்டைச் சீக்கிரம் ஊருக்கு அனுப்பச் சொல், பங்குச் சாமியார் கேட்பார்.

சாமியார் கேட்பார் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நேற்று அப்பா லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் உபதேசியாருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்தான் பேசினார், நான் கேட்கட்டும் என்று. வருகிற ஞாயிறு முதல் ஓலை வாசிக்க வேண்டும், பெண் என் மகள் ரெஷ்மா, மாப்பிள்ளை பெயர் டெக்லன் டாயில் என்றார். உபதேசியாருக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவே இல்லை. நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, அதெல்லாம் சரி, யாரு வீட்டுப் பையன் என்று கேட்டார். அப்பா விசாரித்து வைத்த எல்லாவற்றையும், வெக்ஸ்போர்டு, படகு, ஆயிரம் வருஷம் என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். “நம்ம வீட்டுப் பையன்தான் ஓய், நீரு வாசியும்” என்றார்.

இதைப் படித்ததும் அப்பாவைக் கூப்பிடு. நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே, லீவு கிடைத்ததா என்று மட்டும் கேள், மீதியை அவரே சொல்லட்டும். மாதா உன்னையும் மாப்பிள்ளையையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாள்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அம்மா,
லீமா கிறிஸ்துதாஸ்