சக்கரம் மாட்டுகிறவன்

செம்பாக்கம்,
ஜூலை 1996

அன்பு மகனுக்கு,

நானும் அம்மாவும் நலம். மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

எதிர்வீட்டு சவுரிமுத்து கேபிள் போட்டிருக்கிறான். ஞாயிறு சாயங்காலம் நாங்கள் இருவரும் அங்கே போய் ஃபார்முலா ஒன் பந்தயம் பார்க்கிறோம். சக்கரங்கள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும், ஒரே ஆள் உட்காரும் கார்கள். முதல் ஆறு பேருக்குத்தான் புள்ளி. பெட்ரோல் போடவும் சக்கரம் மாற்றவும் கார் நடுவில் எட்டு நொடி நிற்கும். அந்த எட்டு நொடியில் பந்தயமே கைமாறிவிடும். இதெல்லாம் இப்போது எனக்குத் தெரியும்.

போன வாரம் மூன்றாவது இடத்தில் ஓடிக்கொண்டிருந்த கார் அப்படி நின்றது. பின்சக்கரம் ஒன்று கழலவே இல்லை. முப்பது நொடி போய்விட்டது. கார் கிளம்பியதும், அந்தச் சக்கரத்தோடு போராடியவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். நீதான். எப்படி இளைத்துவிட்டாய்!

"இன்னாய்யா இவன், ஒரு சக்கரத்த கழட்டத் தெரியல!" என்று கத்தினான் சவுரிமுத்துவின் மச்சான் துரை.

"அது என் பையன்" என்றேன்.

சவுரிமுத்து டிவி சத்தத்தைக் குறைத்தான். "இன்னா சார், அவரு லண்டன்ல டாக்டருக்குப் படிக்கிறார்னு சொன்னீங்களே?"

"இல்லப்பா. படிப்ப விட்டு மூணு வருஷமாச்சு. சக்கரம் மாட்டுறான். உலகத்துலயே வேகமா மாட்டுறவங்கள்ல ஒருத்தன். இன்னைக்கு நட்டு சிக்கிக்கிச்சு, அவ்ளோதான்."

திரும்பி வரும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நடுத்தெருவில், எல்லோரும் பார்க்க.

இப்படிக்கு,
அப்பா