டிரெய்லரைத் தூக்கிய கதை

மேசை மேல் ஓர் அடிக்கோல், ஓர் அழிப்பான், தடித்த மலாய் அகராதி. பேத்தி யாழினி முந்தாநாள் வைத்துவிட்டுப் போனபடியே கிடக்கின்றன. எடுத்து ஒதுக்க எனக்குக் கை வரவில்லை. அவற்றைப் பார்த்துக்கொண்டேதான் உனக்கு எழுதுகிறேன்.

நீ செத்துப்போய் எட்டு மாதம் ஆகிறதடி. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், நீ மூன்றாம் வகுப்பு வரை. அந்த இரண்டு வகுப்பை வைத்துக்கொண்டு உன்னிடம் எவ்வளவு பீற்றியிருக்கிறேன்!

யாழினிக்கு ஆறாம் ஆண்டு அறிவியலில் எளிய எந்திரம் என்று ஒரு பாடம். நெம்புகோல், கப்பி, ஆப்பு என்று அடுக்குகிறாள். வீட்டில் நடந்த ஓர் உதாரணத்தைத் திங்கட்கிழமை வகுப்பில் சொல்ல வேண்டுமாம். "பாட்டி டிரெய்லர் தூக்குன கதைய சொல்லப்போறேன்" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முதலிலிருந்து சொன்னேன்.

பாலோ ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் நாம் எண்ணெய்க்கு வெட்டிய செம்பனைக் குலைகளை ஏற்றிய காலம். மழை ஈரத்தில் டிராக்டரின் டிரெய்லர் சரிந்து, அதன் ஓரம் உன் இடது காலை அமுக்கிவிட்டது. டிரைவர் ஆள் கூட்டிவர ஓடினான். நான் ஒரு நீள இரும்புக் குழாயை அங்கே கிடந்த கல்லின் மேல் வைத்து, ஒரு முனையை டிரெய்லருக்கு அடியில் விட்டு, மறுமுனையில் தொங்கினேன். அசையவில்லை. மூச்சு வாங்கி, கண்ணை இறுக மூடி, "மாரியாத்தா!" என்று கத்திக்கொண்டு மறுபடி அமுக்கினேன். டிரெய்லர் எழும்பியது. நீ காலை இழுத்துக்கொண்டாய்.

"ஆத்தாதான் என் கையில எறங்குனா" என்று முடித்தேன். நாற்பது வருடமாக அப்படித்தான் முடிக்கிறேன்.

யாழினி அடிக்கோலை எடுத்தாள். நடுவில் அழிப்பானைக் கொடுத்து, ஒரு முனையில் அகராதியை வைத்தாள். "அமுக்குங்க பாட்டி." அடிக்கோல்தான் வளைந்தது. பிறகு அழிப்பானை அகராதிக்குப் பக்கத்தில் தள்ளினாள். "இப்ப ஒரு விரலால." அகராதி சட்டென்று எழும்பியது.

"கல்லு பாரத்துக்குக் கிட்ட போனாத்தான் லேசா தூக்கலாம். ரெண்டாவது வாட்டி கல்ல யாரு நகர்த்துனா?"

"யாரும் நகர்த்தல. நான் மட்டுந்தான இருந்தேன்."

"அந்தப் பாட்டியும் இருந்தாங்கல்ல?"

அப்போதுதான் உன் கைகள் ஞாபகத்துக்கு வந்தன. அன்றைக்கு உன் கைகளை நான்தான் கழுவிவிட்டேன். முழங்கை வரை சேறு. மூன்று நகம் பிய்ந்து ரத்தம். வலியில் மண்ணைப் பிராண்டியிருக்கிறாய் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் இந்தக் கதையை எடுக்கும்போதெல்லாம் நீ சிரிப்பாய். "மூணு குலை தூக்குனா இடுப்பப் புடிச்சுக்குவா, இவ டிரெய்லர தூக்குனா லா!" என்பாய். உனக்குப் பொறாமை என்று நினைத்தேன். உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, துக்கத்துக்கு வந்தவர்களிடம்கூட இதைச் சொன்னேனே!

மறுநாளே மகனைக் கிளப்பி, யாழினியையும் கூட்டிக்கொண்டு இங்கே யோங் பெங்கிலிருந்து பாலோவுக்குப் போனேன். உன் மகள் மலர் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மலரு, அன்னைக்கி அந்தக் கல்ல ஒங்கம்மாதான் தள்ளுனாளா?"

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். புருஷனைப் பார்த்தாள். பிறகு என்னைக் கேட்டாள்: "யாரு பெரியம்மா சொன்னா ஒங்ககிட்ட?"

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது!

"'அவ சொல்றப்ப யாரும் குறுக்க பேசக்கூடாது'ன்னு அம்மா சத்தியம் வாங்கியிருந்தாங்க" என்றாள்.

"அப்ப நீங்கல்லாம் சும்மா கேட்டுக்கிட்டா இருந்தீங்க?"

"தீபாவளிக்குத் தீபாவளி, பெரியம்மா" என்றார் உன் மருமகன். மலர் அவரை முறைத்தாள்.

திரும்பி வரும்போது காரில் யாழினி கேட்டாள்: "அப்ப திங்கக்கெழம என்னா சொல்றது?"

"காலு மாட்டிக் கெடந்தும் அந்தப் பாட்டிதான் கல்லத் தள்ளுனாங்கன்னு சொல்லு."

"நீங்க?"

"அமுக்குனேன்னு சொல்லு. கண்ண மூடிக்கிட்டு."

கால் நசுங்கிக் கிடக்கும்போது உனக்கு எப்படியடி அந்த யோசனை வந்தது? அதைவிட, இத்தனை வருடம் எப்படி வாயை மூடிக்கொண்டிருந்தாய்?

மலர் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை பிந்தி வந்தது என்று உன் வீட்டு வாசலில் வந்து நின்றேனே, ஞாபகம் இருக்கிறதா? "நான் இல்லேன்னா நீ இன்னைக்கி நொண்டிடி!" என்று தோட்டத்தில் வரிசையாய் இருந்த லயத்து வீடுகள் அத்தனைக்கும் கேட்கும்படி கத்தினேன். நீ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய். ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாய். பிறகு அடுத்த துணியை எடுத்து உதறினாய்.

அந்தப் பார்வையை வைத்துக்கொண்டுதான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.