யூலின் தெருவில் நம் பிள்ளை

செங்து நகரம்
மழை விட்ட திங்கட்கிழமை

அன்பார்ந்த லாவ் வென் அவர்களுக்கு,

நான் நலம். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? விடுப்பு முடிந்து உங்கள் முகாமுக்குத் திரும்பும் ச்சின் தம்பியிடம் இந்தக் கடிதத்தையும் இரண்டு பாட்டில் மிளகாய் விழுதையும் கொடுத்தனுப்புகிறேன். ஆப்பிரிக்க வெயிலில் வைத்துவிடாதீர்கள். போனில் சொல்லலாம்தான். ஆனால் பாதியில் அறுந்துவிடுகிறது, அறுந்தால் நீங்கள் திரும்பக் கூப்பிடுவதில்லை.

வரைபட அலுவலகத்தில் ராத்திரியிலும் வேலை என்று நம் ஜுன்யி சொல்வது நிஜமா, போய்ப் பார் என்றீர்களே. பார்த்துவிட்டேன். உட்கார்ந்து படியுங்கள்.

எதிர்வீட்டு தெங் அக்காதான், யூலின் தெருவில் ஒரு கதவில் நம் பையன் படம் ஒட்டியிருக்கிறது என்று சொன்னார். சனிக்கிழமை இருட்டியதும் இருவரும் கிளம்பினோம். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும், அந்த நேரத்தில் நான் பார்த்ததெல்லாம் நம் வீட்டுத் தொலைக்காட்சிதான். தெருவோ அப்போதுதான் தூங்கி எழுந்ததுபோல் இருந்தது. நடைபாதையில் குட்டி முக்காலி போட்டு, பிளாஸ்டிக் கையுறை மாட்டிக்கொண்டு, பெண்கள் மிளகாயில் வெந்த முயல் தலையைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். அரசர் காலத்துப் பட்டு உடையும் கொண்டையுமாக ஒருத்தி மின்சார ஸ்கூட்டரில் பறந்தாள். ஒரு மதுக்கடை ஜன்னலில் கிதார் வாசித்த பையனோடு தெருவே சேர்ந்து பாடியது. எனக்குப் பாட்டு தெரியாது. இருந்தும் நின்றேன். தெங் அக்கா இழுத்துக்கொண்டு போகவேண்டியதாயிற்று.

படம் ஒட்டிய கதவுக்குள் இறங்கினால், துணிக்கடைக்கு அடியில் ஒரு கூடம். ஒருவர் மேடையில் நின்று பேசியே சிரிக்கவைக்க வேண்டுமாம். வாசலில் இருந்த பெண், அத்தை, வழி மாறி வந்துட்டீங்களா என்று கேட்டாள். டிக்கெட்டை நீட்டினோம். வெள்ளரித் துண்டு மிதக்கும் பச்சைப் பானம் ஒன்று கொடுத்தார்கள். குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. தெங் அக்கா பையிலிருந்து சூரியகாந்தி விதையை எடுத்துக் கொறிக்க ஆரம்பித்தார்.

மூன்றாவதாக வந்தவன் ஜுன்யி. இளைத்திருக்கிறான். ஆனால் மைக்கைப் பிடித்ததும் அவன் தோள் நிமிர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எடுத்த எடுப்பில் உங்களைப் பற்றித்தான் பேசினான்.

"எங்கப்பா மலையைக் குடைஞ்சு ரயில் பாதை போடறவரு. அவரு போட்ட பாதையில எல்லாரும் நாலு மணி நேரம் முன்னாடியே வீட்டுக்கு வந்துடறாங்க. அவரு மட்டும்தான் இன்னும் வரல."

கூடமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். அடுத்து நான் போனில் கத்துவதை நடித்துக் காட்டினான். அப்படியே என் குரல். நடுவில் நிறுத்தி, யாருங்க அங்க விதை கொறிக்கிறது, இதென்ன டீக்கடையா என்று இருட்டுக்குள் எட்டிப் பார்த்தான். அப்போதுதான் என்னைக் கண்டான்.

பேச்சு நின்றுவிட்டது. அதுவும் வேடிக்கை என்றே எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை, எழுந்து நின்று சொன்னேன்:

"போன வருஷப் பிறப்புக்கு உங்கப்பா வந்தாரே. உன் ரூம் வாசல்ல ராத்திரி முழுக்க நின்னாரே. நீதானடா கதவைத் திறக்கல."

யாரும் சிரிக்கவில்லை. அவன் மைக்கை மாற்றி மாற்றிப் பிடித்தான்.

"நிஜந்தாம்மா. நானும் அந்தப் பக்கம் கதவுல சாஞ்சு நின்னுக்கிட்டுதான் இருந்தேன். அதைச் சொல்லிச் சிரிக்கவைக்க எனக்கு இன்னும் வரல."

பிறகு வேறு கதைக்குப் போனான். திக்கித் திக்கித்தான். கடைசியில் கைதட்டல் நன்றாகவே இருந்தது.

வெளியே வந்து மூவரும் குச்சியில் கோத்த தாமரைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் சாப்பிட்டோம். வசந்தத்திலேயே வரைபட வேலையை விட்டுவிட்டானாம். பகலில் ஒரு புத்தகக் கடையில் நிற்கிறானாம். உங்களைப் போலவே நானும் திட்ட வாயெடுத்தேன். அவனோ எனக்கு மிருதுவான துண்டாகப் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். திட்டவில்லை. அப்பாவிடம் சொல்வாயா என்று கேட்டான். மறைக்கமாட்டேன் என்றேன். காலிக் குச்சிகளை எல்லாம் அடுக்கி வைத்துவிட்டுச் சொன்னான்:

"சொல்லு. ஆனா நான் பேசினதை நீ பேசிக் காட்டாத, நீ சொன்னா சிரிப்பே வராது. அவரையே வந்து கேக்கச் சொல்லு."

அவன் வேலையை விட்டது எனக்கும் கவலைதான். அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். டிசம்பரில் மக்கள் பூங்கா பக்கம் ஒரு பெரிய தேநீர் விடுதியில் அவன் பேசுகிறான். விடுப்பு கேட்டுப் பாருங்கள். தெங் அக்கா தன் இடத்தை உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறார்.

தலைக்கவசம் இல்லாமல் சுரங்கத்துக்குள் போகாதீர்கள். உடம்பு நன்றாக இருக்கட்டும். அந்தத் தேநீர் விடுதியில் நீங்கள் சிரிக்க வேண்டும் என்றில்லை, லாவ் வென். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். அவன் மேடையிலிருந்து உங்களைப் பார்ப்பான்.

என்றும் உங்கள்,
வான்சியூ