எட்டு சி.சி. நவச்சாரம்

சித்திரை 9, திங்கள்
வெயில் மண்டையைப் பிளக்குது. தாசில்தார் ஆபீஸிலிருந்து ஒரு பொட்டலம், நவச்சாரம். கம்பைநல்லூர் மளிகைக்கடை மாரப்பன் இதில் கலப்படம் பண்ணுகிறார், பாத்திரத்தில் ஈயம் ஒட்டலை என்று ஈயம் பூசுகிறவர் புகார். யுத்த காலம். நிரூபணமானால் கடைக்குச் சீல், ஆளுக்கு ஜெயில். சுத்தமா இல்லையா, நான் சொல்லணுமாம். அரூர் ஹைஸ்கூல் சயின்ஸ் வாத்தியாருக்கு இந்த வம்பு எதுக்கு?

10, செவ்வாய்
சோதனைக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் தீர்ந்தது. வடிக்கிற பானையில் விரிசல். "நம்ம கிணத்துத் தண்ணி கல்கண்டாட்டம் இருக்குதுங்களே, அதுல பண்ணுங்க" என்றாள் சம்சாரம் சரசு. கூடாது என்று தெரியும். சோம்பேறித்தனம். ஒரு குடம் லேபுக்குப் போச்சு.
நவச்சாரம், அளந்த காஸ்டிக் சோடா, நெடி அடங்கும்வரை கொதி. மிஞ்சின சோடாவை ஆசிட் விட்டு அளக்கணும். நிறங்காட்டிச் சொட்டின் மஞ்சள் சிவந்தால் நிறுத்தம். நல்ல சரக்கு சோடாவைத் தின்றுவிடும்; ஆசிட் கூடினால் சரக்கு மட்டம். சுத்தச் சரக்குக்கு ஆவதைவிட எட்டு சி.சி. கூடுதல். மூணு குடுவையிலும் அதே. கலப்படம்தான். ரிப்போர்ட் அனுப்பியாச்சு.

12, வியாழன்
கடைக்குச் சீல். திங்கட்கிழமை கோர்ட்டு. மாரப்பன் பள்ளிக்கூட வாசலுக்கே வந்துட்டார். கத்தலை. உள்ளங்கையில் சூடம் ஏத்தினார். "யாரு பொய்யோ, அவுங்க வூட்டுத் தண்ணியே காட்டிக் குடுக்கட்டுங்க." கை வேகுது, ஆள் அசையலை.
லேபைத் திறந்தால், சிவப்பாக விட்டுப்போன மூணு குடுவையும் மஞ்சள். சாவி என் மடியிலதான் இருந்தது.

13, வெள்ளி
ஒரு சொட்டு ஆசிட். சிவந்தது. மத்தியானம் பார்த்தால் மறுபடி மஞ்சள். யாரோ பின்னால் நிற்கிற மாதிரி. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.
குடுவை அடியில் வெள்ளைப் படிவு. சரசு வெந்நீர் அண்டாவில் சுரண்டுகிற அதே சுண்ணாம்பு, மெல்லக் கரைந்து ஆசிட்டைத் தின்னுது. அடப்பாவி!
நவச்சாரம் இல்லை, சோடா இல்லை, வெறும் கிணத்துத் தண்ணி. அதே அளவு. ஆசிட் விட்டேன். நாலு. அஞ்சு. மஞ்சள் விடலை. எட்டாவது சி.சி.யில் சிவந்தது.
அந்த எட்டும் என் கிணத்தோடது. மாரப்பன் சரக்கு சுத்தம்.

14, சனி
தப்பு என்னுது என்று தாசில்தாரிடம் காலையில் எழுதிக் கொடுத்தேன். வேலை போகலாம். பயமாத்தான் இருக்கு.
கரியில் ஓடும் பஸ்ஸில் கம்பைநல்லூர். விஷயம் அங்கே யாருக்கும் தெரியாது. வாசலில் மாரப்பன், வெந்த கையில் துணிக்கட்டு. நான் விஷயத்தைச் சொல்றதுக்கு முன்னாடியே மறு கையால் சொம்பை நீட்டினார்.
"தண்ணி சொல்லிருச்சுங்களா, வாத்தியாரே?"
வாங்கினேன். குடிக்க முடியலை.