பூட்டுப் போட்ட மேதாவி

கோபமா இருக்கிற இன்ஜினியரம்மாவுக்கு,

நான் வேலைக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு மூடி வச்சிருக்கேன். கம்ப்யூட்டரைத் தொடாதே, நான் தொட்டதே போதும்.

இடத்தை அடைக்குதுன்னு நான் அழிச்ச உன் கட்டட பிளான் எல்லாம், அதான் நீ நாளைக்குக் கொடுக்க வேண்டியது, திரும்பக் கிடைச்சிடுச்சு. ஆனா ஒண்ணும் திறக்கல. நீ வரைஞ்சு முடிச்சதும், யாரும் திருடிடக் கூடாதுன்னு அதுக்குப் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டின மேதாவியும் உன் புருஷன் நான்தானே. மறக்கவே கூடாதுன்னு, நீ தினமும் என்னைத் திட்டுற அந்த நீள வாக்கியத்தையே பாஸ்வேர்டா வச்சேன். இப்ப முதல் பாதிதான் ஞாபகம் வருது. மீதியை இத்தனை வருஷமா காதுலயே போட்டுக்கல போல.

நேத்துலேருந்து நீ வாயே திறக்கல. சாயங்காலம் வந்ததும் ஒரு தடவை முழுசா திட்டிடு. மெதுவா, நான் எழுதிக்கணும்.

பி.கு.: ஃபைல் திறந்ததும் நிறுத்திடாதே. வீடு ரொம்ப அமைதியா இருக்கு.